பச்சை இருமல்

"இது எங்க வூட்டுக்காரரு இருமல் இல்ல மேடம்."

அம்முலு புருஷனின் செல்போனை ஷாரோனிடம் நீட்டினாள்.  அழுகையெல்லாம் எப்போதோ முடிந்து, இப்போது கோபம் மட்டும் மிச்சமிருந்தது.

ஷாரோன் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். ஆண் குரலில் வரிசையாகச் சில இருமல்கள். திரையில் ஏசுதாஸ் என்ற பெயர், அவன் வேலை பார்த்த கல் கிரஷரின் பெயர். கீழே ஒரு பச்சை வட்டம். 'உங்கள் நுரையீரலில் கோளாறு எதுவும் தென்படவில்லை.'

அந்தப் பச்சை வட்டத்தை நம்பித்தான் ஏசுதாஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் வந்தபோது மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்தான். எடை குறைந்தபோது வேலை போன கவலை என்று நினைத்துக்கொண்டான். ரத்தம் துப்பிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காசநோய், முற்றிவிட்டது என்றார்கள். பொங்கல் கழிந்த வாரத்தில் உத்திரமேரூர் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு" என்றாள் அம்முலு. "எப்படி மேடம் வருவோம்? அதான் செல்லுல நல்லாக்கீதுன்னு மெசேஜ் அனுப்பிட்டாங்களே."

ஷாரோன் காஞ்சிபுரத்தில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள். அதற்கு முன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைக் கண்டுபிடிக்கும் வேலை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பற்றி விசாரிக்கச் சொல்லித்தான் பெரும்பாலும் அவளிடம் வருவார்கள். இறந்துபோன புருஷனின் இருமலைத் தேடித் தரச் சொல்லி யாரும் வந்ததில்லை.

அவளுடைய உதவியாளன் சேட்டு கதவருகே நின்றிருந்தான். கார் ஓட்டுவது, விசாரிப்பது, தேவையில்லாத இடத்தில் வாயைத் திறப்பது என்று மூன்று வேலைகளையும் ஒரே சம்பளத்தில் செய்பவன்.

"லட்சம் பேரு இருமலைக் கேட்டுப் படிச்ச மெஷினாம் மேடம்" என்றான். "இவ்ளோ படிச்சதுக்கு ஒரு டிகிரி கொடுத்து வூட்டுக்கு அனுப்பியிருக்கலாம்."

அவன் சொன்ன மெஷினின் பெயர் 'மூச்சுத்துணை'. செல்போனை வாய்க்கு நேரே பிடித்து இருமினால் போதும். செயற்கை நுண்ணறிவு அந்தச் சத்தத்தை அலசி நிறம் சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் உடனே எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. கிராமங்களில் காசநோயை முளையிலேயே பிடிப்பதற்காகச் சென்னைக் கம்பெனி ஒன்று உருவாக்கியது. போன வருஷம் கிரஷரில் அதை வைத்து முகாம் நடத்தினார்கள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருமுவார் அம்முலு?"

"முதல்ல மூச்ச உள்ள இஸ்துக்குவாரு. சைக்கிளுக்குக் காத்தடிக்கிறாப்புல ஒரு சத்தம் வரும். அப்பாலதான் இருமல். ராவெல்லாம் பக்கத்துல படுத்துக் கேட்டுக்கினு இருந்தவ நான். இது யாரோ பையன். இருமல் வராமலே இருமுறான்."

"வேலை எப்ப போச்சு?"

"முகாம் முடிஞ்ச கையோட. ஆர்டர் இல்லன்னு ஓனரு முத்துவேலு சில பேரை மட்டும் நிறுத்திட்டாரு."

"நிறுத்தினவங்க எல்லாருமே இருமுறவங்களா?"

அம்முலு யோசித்தாள். "இல்ல மேடம். பெருநகர் மோகன் அண்ணன் இருமி நான் பாத்ததே இல்ல. ஆளு கல்லு மாதிரி இருப்பாரு. அவரையும்தான் நிறுத்தினாங்க."

ஷாரோன் அந்தப் பதிலை மனசின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, இயர்போனை மாட்டி இருமலை மறுபடி கேட்டாள். ஒரு காதுக்கான பகுதியைச் சேட்டுவிடம் நீட்டினாள்.

"இருமலை விடு. பின்னாடி என்ன சத்தம்?"

"பொட பொடன்னு கீது. கிரஷர்ல ஜல்லி கொட்டுறான்."

"இன்னும் கொஞ்சம் கேளு."

பொட பொட சத்தத்தின் நடுவே மெல்லிய 'டிங்'. பிறகு ஏதோ சரக்கென்று இழுபடும் ஓசை. மறுபடி பொட பொட.

"ஜல்லி கொட்டும்போது மணி அடிக்குமா சேட்டு?"

"ஜல்லிக்கு பர்த்டேவா இருக்கும்."

"வரி முடியப்போகுதுன்னு அடிக்கிற மணி இது. அப்புறம் கைப்பிடியைப் பிடிச்சு இழுத்து அடுத்த வரிக்குப் போறாங்க. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்."

சேட்டுவின் முகம் மாறியது. "உத்திரமேரூர்ல டைப்ரைட்டிங் ஒண்ணே ஒண்ணுதான் கீது மேடம். பஜார்ல, மருந்துக்கடைக்கு மேல."

"கிளம்பு."

*

மருந்துக்கடை மாடிப்படி செங்குத்தாக இருந்தது. மேலே நீள அறையில் டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் கிரஷர் என்றே நம்பலாம். இன்ஸ்டிடியூட்டை நடத்தும் பச்சமுத்து மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"லோயரா, ஹையரா?"

"லோயரே போதும் சார்" என்றான் சேட்டு, மூச்சு வாங்க. "ஹையர் ஏறி வந்ததுல பாதி உயிர் போயிடுச்சு."

ஷாரோன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை. செல்போனின் சத்தத்தை முழுசாக ஏற்றி, மேஜை மேல் வைத்து, அந்த இருமலை ஓடவிட்டாள்.

எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டே இருந்தன. ஜன்னலோரத்தில் ஒன்று மட்டும் நின்றது.

அதன் முன்னால் காலேஜ் வயதில் ஒரு பையன். காது சிவந்திருந்தது.

"உன் பேரு?"

"அரவிந்தன்."

"உன் இருமலா இது?"

பையன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அறை முழுக்க டைப் சத்தம் அடங்கியது.

"ப்ராஜெக்டுன்னு சொன்னாரு மேடம். எதிர் ரூம்ல கீறாரே, கலைச்செல்வன் அண்ணன். பசங்கள்லாம் வந்து ஆளுக்கு நாலஞ்சு தபா இருமிட்டுப் போங்கன்னாரு. போண்டா, டீ வாங்கிக் கொடுத்தாரு. ஏன் மேடம், இன்னா ஆச்சு?"

ஷாரோன் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "நீ இருமினது இந்த ஆளோட பேருல போயிருக்கு. நீ நல்லா இருக்கேன்னு மெஷின் சொல்லிச்சு. அதைத் தனக்குச் சொன்னதா நெனச்சுக்கிட்டு இவர் வீட்டுல படுத்துட்டார். இப்ப உயிரோட இல்ல."

அரவிந்தன் எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"உன் மேல தப்பில்ல" என்றாள் ஷாரோன். குரலில் இருந்த சூடு அவனுக்கானது இல்லை என்று காட்ட அவன் தோளைத் தொட்டாள். "கேட்டா போலீஸ்ல இதையே சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்றேன் மேடம்."

*

எதிர் அறைக் கதவில் மூச்சுத்துணையின் போஸ்டர் ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஜோடி நுரையீரல்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

"நுரையீரல் சிரிக்கிறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றான் சேட்டு. "இதுக்கே எக்ஸ்ரே எடுக்கலாம்."

கலைச்செல்வன் கம்பெனி டீஷர்ட்டில் இருந்தான். உத்திரமேரூர்ப் பகுதி முழுக்க முகாம் நடத்தும் பொறுப்பு அவனுடையது. அரவிந்தன் சொன்னதை ஷாரோன் சொன்னதும், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புதான் மேடம். ஒத்துக்கிறேன். நீங்க கிரஷருக்குப் போயிருக்கீங்களா? பக்கத்துல நிக்கிறவன் கத்துனாக் கூட காதுல விழாது. அந்தச் சத்தத்துல ஆப் பதிவே எடுக்கல. 'சுற்றுப்புற ஓசை அதிகம், மீண்டும் முயலுங்கள்'னு வந்துக்கினே கீது. கம்பெனியில டார்கெட் கேட்டு உயிரை வாங்கறாங்க. வேற வழி தெரியல. யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சு இந்தப் பசங்களை இரும வெச்சேன். ஏசுதாஸ் அண்ணன் செத்துப் போவாருன்னு சத்தியமா நெனக்கல."

கண்ணில் தண்ணீர் வந்தது. நிஜத் தண்ணீர்தான்.

சேட்டு ஷாரோனின் பக்கம் சாய்ந்தான். "பாவம் மேடம், டார்கெட்டு. நம்மளாட்டம் சம்பளத்துக்கு மாரடிக்கிற ஆளு."

ஷாரோன் செல்போனை எடுத்து அம்முலு கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"மோகனா? நான் ஏசுதாஸ் வீட்டுக்காரம்மா அம்முலு சொல்லிப் பேசறேன். ஒரே ஒரு கேள்வி. முகாம் அன்னைக்கு உங்களையும் இருமச் சொன்னாங்களா?"

"ஆமா மேடம்." பின்னணியில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு இருமலே வரல. சும்மானா இருமு நைனான்னாரு, இருமுனேன்."

"எங்க வெச்சு?"

"லாரி உள்ள. வெளிய மெஷினு ஓடிக்கினு கீது இல்ல, அதனால ஒவ்வொருத்தரா கேபின்ல ஏத்தி, கண்ணாடிய ஏத்திட்டு செல்லுல புடிச்சாரு. உள்ள ஒரே புழுக்கம்."

"நன்றி. நீங்க இருக்கற இடத்துலயே இருங்க. நாங்க வர்றோம்."

போன் கட்டானது. கலைச்செல்வனின் கண்ணீரும் நின்றிருந்தது.

"கண்ணாடி ஏத்தின லாரி கேபின்" என்றாள் ஷாரோன். "சத்தத்துக்கு நீயே நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கே. அப்போ நிஜ இருமல் எல்லாம் உனக்குக் கிடைச்சிருக்கு. கையில அது இருக்கும்போது எதுக்குப் பசங்களுக்குப் போண்டா வாங்கித் தரணும்?"

அவன் மேஜை மேலிருந்த கம்பெனி செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நானே சொல்றேன். காலையிலேர்ந்து ஒரு விஷயம் என்னை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் இருமிக்கிட்டு இருந்தவங்களை முத்துவேல் நிறுத்தினா அது காதால கேட்டு நிறுத்தினது. ஆனா மோகனை ஏன் நிறுத்தினான்? இருமாத ஆளு, கல்லு மாதிரி இருக்கற ஆளு. அவன் நெஞ்சுக்குள்ள நோய் இருக்குன்னு அவனுக்கே தெரியாது. பக்கத்துல நின்னவனுக்குத் தெரியாது. தெரிஞ்சது ஒரே ஒரு ஆளுக்கு."

அவள் மேஜை மேலிருந்த அவனுடைய கம்பெனி செல்போனை விரலால் தட்டினாள்.

"மெஷினுக்கு."

சேட்டு போஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப மெஷினு தப்பாச் சொல்லலியா மேடம்?"

"சரியாத்தான் சொல்லியிருக்கு. கேட்க வேண்டியவங்க காதுல மட்டும் விழல. இவன் முதல்ல நிஜ இருமலைப் பதிவு பண்ணிப் பார்த்தான். யார் யாருக்குச் சிவப்புன்னு தெரிஞ்சுக்கிட்டான். அதைக் கம்பெனிக்கு அனுப்பாம முத்துவேலுக்கு அனுப்பினான். அப்புறம் அதே பேர்கள்ல பசங்களோட இருமலைப் போட்டுப் பச்சையா மாத்தி, கம்பெனிக்கும் தொழிலாளிங்களுக்கும் அனுப்பிட்டான்." அவள் குனிந்தாள். "போனைத் திற."

"மேடம், எனக்கு இன்னா தெரியும், ஓனரு..."

"திறன்னேன்."

அவள் கத்தவில்லை. மேஜையில் அறைந்தாள். சத்தம் கேட்டு எதிர் அறையில் டைப்ரைட்டர்கள் மறுபடியும் நின்றன. கதவோரத்தில் பச்சமுத்து மாஸ்டரும் பின்னால் மாணவர்களும் வந்து நின்றார்கள். கலைச்செல்வன் அவர்களைப் பார்த்தான். போனைத் திறந்தான்.

முத்துவேலுக்கும் அவனுக்கும் நடந்த வாட்ஸ்அப் உரையாடலில் எழுத்து அதிகமில்லை. முத்துவேல் டைப் பண்ணச் சோம்பல்படுகிறவர். எல்லாம் குரல் பதிவு. முகாம் முடிந்த நாளில் வந்ததை ஷாரோன் ஓடவிட்டாள்.

நிதானமான, வெற்றிலை போட்ட குரல்.

"தம்பி, சேப்பு வந்தவனுங்க யாருன்னு எனக்கு மட்டும் சொல்லு. கம்பெனிக்கு ஏத்தாத. இங்க வேலை செய்யறப்போ நோவுன்னு தெரிஞ்சா ஆபீசருங்க வந்து நிப்பானுங்க, தூசுக்குத் தண்ணி அடிச்சியா, மாஸ்க் கொடுத்தியான்னு பேஜார். வைத்தியமும் நம்ம தலையில உழும். நான் அவனுங்களை ஒவ்வொருத்தனா அனுப்பிச்சுடறேன். அவனுங்களுக்குப் பச்சைன்னு அனுப்பிச்சுடு. நிம்மதியாப் போவட்டும்."

 கடைசி வார்த்தை அறையிலேயே நின்றது.

அரவிந்தன்தான் முதலில் அசைந்தான். உள்ளே வந்து கலைச்செல்வனின் டீஷர்ட் காலரைப் பிடித்தான். "என் இருமலை வெச்சா ஒரு ஆள சாவடிச்ச?" என்றான். மாஸ்டர் வந்து அவன் கையை விலக்கினார். விலக்கிவிட்டு, "ரூமைக் காலி பண்ணு" என்று கலைச்செல்வனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஷாரோன் அந்தக் குரல் பதிவுகளையும், பதிலுக்கு அவன் அனுப்பியிருந்த சிவப்புப் பட்டியலையும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். மாவட்டக் காசநோய்த் தடுப்புப் பிரிவு டாக்டருக்கு அனுப்பினாள். போலீசில் தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டருக்கும் அனுப்பினாள்.

"நேரா கிரஷருக்கா மேடம்?" சேட்டு சாவியை எடுத்துவிட்டான். "முத்துவேலு மூஞ்சிய ஒரு தபா பாக்கணும் எனக்கு."

"முத்துவேல் எங்கயும் போக மாட்டான். அவன் கல்லு உடைக்கிற மலை இங்கதான் இருக்கு. மோகனுக்குத்தான் நேரமில்ல." அவள் கலைச்செல்வனைப் பார்த்தாள். "நீயும் வர்றே."

*

பெருநகரில் செய்யாற்றுப் பக்கம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மோகன் நெல் மூட்டைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். அகன்ற தோள், தலையில் துண்டு. ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் பிறகு டிராக்டரின் சக்கரத்தில் கை வைத்து நின்றான். பழைய சட்டை உடம்புக்கு ஒரு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது.

கார் வரப்போரம் நின்றதும் சேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷாரோன் கையைக் காட்டி நிறுத்தினாள். பின் கதவைத் திறந்து கலைச்செல்வனை இறக்கினாள்.

"நீ சொல்லு."

"மேடம், நீங்களே..."

"மெசேஜ் நீதானே அனுப்பினே? இதையும் நீயே சொல்லு. உன் வாயால."

மோகன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தான். கலைச்செல்வனை அடையாளம் கண்டதும் சிரித்தான். "இன்னா தம்பி, இவ்ளோ தூரம்? மறுபடி இருமணுமா?"

கலைச்செல்வன் வயலைப் பார்த்தான். டிராக்டரைப் பார்த்தான். பார்ப்பதற்கு வேறொன்றும் மீதியில்லாதபோது மோகனைப் பார்த்தான்.

"அண்ணா, அன்னைக்கு உங்களுக்குச் சேப்புதான் வந்துச்சு. பச்சை இல்ல. நான் மாத்தி அனுப்பிட்டேன்."

மோகனின் சிரிப்பு உடனே போகவில்லை. புரிந்துகொள்ள அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

"ஏசுதாசுக்கு?"

"அவருக்கும் சேப்புதாண்ணா."

மோகன் அடிப்பான் என்று சேட்டு நினைத்தான். தடுக்கக் கூடாது என்றும் தீர்மானித்து ஓரடி தள்ளி நின்றான். மோகன் அடிக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான், உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படும் என்பது போல.

"ஓனருக்குத் தெரியுமா?"

"அவருதான் மாத்தச் சொன்னாரு."

"வேலையை நிறுத்தின அன்னைக்குப் பெட்டியில பிஸ்கெட் வெச்சுக் கொடுத்து அனுப்பினாரு என்னை. குழந்தைக்குக் கொடு மோகன்னாரு." அவன் குரல் உயரவேயில்லை. அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏசுதாசு சாவுக்கு மாலை வாங்கிக்கினு வந்தாரு மேடம். சவப்பொட்டி பக்கத்துல நின்னு அழுதாரு."

"இப்போ உங்களுக்கு ஒண்ணும் கைமீறிப் போகல" என்றாள் ஷாரோன். "சிவப்புன்னா நோய் உறுதின்னு அர்த்தம் இல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். காசநோயா இருந்தாலும் மாத்திரை இருக்கு, காசு வாங்காம கொடுக்கறாங்க. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில டாக்டர் காத்துக்கிட்டு இருக்கார். சிவப்பு வந்த மத்தவங்களுக்கும் அவரே போன் பண்ணிக்கிட்டு இருக்கார். வண்டியில ஏறுங்க."

மோகன் ஏறினான். கலைச்செல்வன் அவன் பக்கத்தில் உட்கார வந்தபோது, சேட்டு அவனைப் பிடித்து இழுத்து முன் சீட்டில் தள்ளினான். ஷாரோன் மோகனோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஷாரோனின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். கிரஷருக்கு ஆட்கள் போயாகிவிட்டது, முத்துவேல் அலுவலகத்தில்தான் இருக்கிறார், நோயாளிகளை வேலையிலிருந்து நிறுத்தியது நல்லதுக்குத்தானே என்று வாதாடிக்கொண்டிருக்கிறார் என்றார். "அந்தக் குரல் பதிவை அவருக்கே போட்டுக் காட்டுங்க சார்" என்று சொல்லி ஷாரோன் போனை வைத்தாள்.  சேட்டுவை அறைய வேண்டும் போல, கார் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல, யாரையாவது எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அறைய வேண்டியவன் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

கார் பெருநகர்க் கோயிலைத் தாண்டி உத்திரமேரூர் ரோட்டுக்குத் திரும்பியது.

"மேடம்." பக்கத்திலிருந்து மோகனின் குரல். அவன் துண்டை எடுத்து வாயைப் பொத்தியிருந்தான். "இது பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஒட்டிக்கும்ன்றாங்களே, நெஜமா?"

ஷாரோன் திரும்பினாள். "காசநோயா இருந்தா ஒட்டலாம். வீட்டுல யாரு இருக்காங்க?"

"என் பொண்ணு. அம்மா இல்லாத குழந்தை மேடம், தனியாப் படுக்காது. அவ அம்மா போனதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் என் நெஞ்சு மேலதான் தூங்குது." அவன் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "பச்சைன்னு போட்டிருந்துச்சு. அதான் படுக்க வெச்சேன்."

முன் சீட்டில் கலைச்செல்வன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அவனை யாரும் பார்க்கவில்லை.

சேட்டு வண்டியை ஓரம் கட்டினான்.

"பாப்பா எந்த ஸ்கூல்ணா?"

"ரெண்டாங்கிளாஸ். கோயிலுக்குப் பின்னாடி."

சேட்டு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். கார் வந்த வழியே திரும்பியது.